வீட்டில் பழ ஐஸ் டீ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆறிப்போன டீயில் ஐஸ் போட்டால் அது ஐஸ் டீ ஆகிவிடாது. நானும் முதல் இரண்டு கோடைகளில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். குடித்தவர்கள் மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மேசை ஓரமாக நகர்த்திவிடுவார்கள். எங்கே தவறு என்று பிடிபட நாளாயிற்று. ஐஸும் தண்ணீர்தான், பழமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதை மறந்துவிட்டு, சூடாகக் குடிக்கும் டீக்குப் போடும் அளவுக்கே டீத்தூள் போட்டிருந்தேன். கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்தைத்தான் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து சொல்கின்றன.

முதலில் ஒரு அளவு சொல்லுங்கள். இன்றைக்கே செய்து பார்க்க வேண்டும்.

நான்கு பெரிய டம்ளர் வரும் அளவு இது. அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். அதில் 10 கிராம் டீ இலை போட்டு மூடி வையுங்கள். தூளாக இருந்தால் 8 கிராம் போதும். தலைதட்டிய டீஸ்பூனில் ஏறக்குறைய நான்கு. நான்கு நிமிடம் கழித்து வடிகட்டி, சூடு இருக்கும்போதே 50 கிராம் சர்க்கரையைக் கரைத்துவிடுங்கள். டீ வெதுவெதுப்பாக ஆறட்டும். அதற்குள் நன்றாகப் பழுத்த மாம்பழமோ பீச்சோ ஸ்ட்ராபெர்ரியோ எடுத்து மசித்து, 200 மில்லி கூழ் தயார் செய்துகொள்ளுங்கள். கூழையும் ஒரு எலுமிச்சையின் சாற்றையும் 100 மில்லி குளிர்ந்த தண்ணீரையும் டீயில் கலந்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வையுங்கள். குடிக்கும் நேரத்தில் டம்ளர் நிறைய ஐஸ் போட்டு அதன் மேல் ஊற்றுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கும் முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் டீ கொஞ்சம் அதிக ஸ்ட்ராங்காகவும் கொஞ்சம் அதிக இனிப்பாகவும் தெரியும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு ஸ்ட்ராங்காகப் போட வேண்டும்?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு ஏறக்குறைய 334 ஜூல் வெப்பம் தேவை. ஒரு கிராம் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி இறங்க 4.18 ஜூல் வெளியேற வேண்டும். அதாவது 80 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு கிராம் டீ, பூஜ்யம் டிகிரிக்கு இறங்குவதற்குள் சரியாக ஒரு கிராம் ஐஸை உருக்கிவிடும். சூடான டீ அரை லிட்டரை அரை கிலோ ஐஸின் மேல் ஊற்றினால் கடைசியில் கையில் இருப்பது ஒரு லிட்டர் டீ, மிதக்க ஒரு ஐஸ் கட்டி கூட மிச்சமில்லாமல். அதனால்தான் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு டீ இலை.

அதே டீ 30 டிகிரிக்கு ஆறியபின் ஊற்றினால், உருகும் ஐஸ் டீயின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் எடுத்து ஊற்றினால் ஊற்றும் நேரத்தில் உருகுவது நூற்றுக்கு ஆறு பங்குதான். அப்புறம் வெயில் உருக்குவது தனி. ஆகவே ஆறவைத்துக் குளிரவைத்து, கூழும் தண்ணீரும் சேர்க்காமல் ஊற்றுபவர்களுக்கு இரண்டு மடங்கு வேண்டியதில்லை, ஒன்றேகால் மடங்கு போதும். மேலே சொன்ன அளவில் கூழும் தண்ணீரும் சேர்வதால் இரண்டு மடங்கு சரியாக வரும்.

ஒன்று கவனியுங்கள். ஸ்ட்ராங்காக வேண்டும் என்றால் தூளைக் கூட்ட வேண்டும், ஊறும் நேரத்தைக் கூட்டக் கூடாது. பத்து நிமிடம் ஊறிய டீயில் மணம் கூடாது, துவர்ப்புதான் ஏறும். குளிர்ந்த பானத்தில் அந்தத் துவர்ப்பு நாக்கில் இன்னும் தூக்கலாகத் தெரியும். டீ பேக் போடுபவர்கள் எடுக்கும்போது அதைப் பிழியாமல் எடுப்பதும் இதற்காகத்தான்.

கொதிக்க வைக்காமல், குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தே செய்யலாமா?

செய்யலாம். உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் பிடித்த முறை. ஒரு லிட்டர் குடிநீரில் 10 கிராம் டீ இலையைப் போட்டு, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காலையில் வடிகட்டினால் முடிந்தது. கருப்பு டீக்கு எட்டு முதல் பத்து மணி நேரம், பச்சை டீக்கு ஆறு மணி நேரம் போதும்.

குளிர்ந்த தண்ணீரில் காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் மெதுவாகவே இறங்கும். அதனால் இந்த டீ மென்மையாக, கசப்பில்லாமல் இருக்கும். சர்க்கரையும் பாதி போதும். பழத்தின் மணம் தனியாக எழுந்து நிற்பது இதில்தான். திடமாக, கொஞ்சம் கடித்தாற்போல் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சப்பென்று தோன்றலாம். அவர்கள் கொதிநீர் முறைக்கே போகட்டும்.

ஒரு எச்சரிக்கை: இதில் கிருமியைக் கொல்லும் சூடு எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆகவே ஊறுவது முழுக்க ஃப்ரிட்ஜுக்குள்தான் நடக்க வேண்டும், சமையல் மேடையில் அல்ல. பூ, மூலிகை, உலர்பழக் கலவைகளின் பாக்கெட்டில் கொதிநீர் ஊற்றச் சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

கண்ணாடி ஜாடியை வெயிலில் வைத்து டீ இறக்கும் வீடியோ பார்த்தேன். அழகாக இருக்கிறதே?

அழகுதான். ஆனால் வேண்டாம். வெயிலில் வைத்த ஜாடியின் தண்ணீர் எவ்வளவு சூடானாலும் 54 டிகிரிக்கு மேல் போவது அரிது. 5 முதல் 60 டிகிரி வரை உள்ள சூட்டில்தான் பாக்டீரியா வளரும். அதாவது மணிக்கணக்கில் கிருமிக்கு இதமான குளியல் ஏற்பாடு செய்துகொடுக்கிறோம். இலையில் இயல்பாகவே இருக்கும் சில பாக்டீரியாக்கள் பெருகினால் டீ நூல்நூலாகக் கொழகொழக்கும். எனக்கு அது ஒரு முறை நடந்தது. ஸ்பூனைத் தூக்கினால் கூடவே ஒரு இழை எழுந்து வந்தது. ஜாடியோடு கொட்டிவிட்டேன்.

என் டீ குளிர்ந்ததும் கலங்கலாகிவிடுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. சூட்டில் கரைந்திருந்த காஃபீனும் பாலிஃபீனால் எனப்படும் துவர்ப்புப் பொருள்களும் குளிரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நுண்துகள்களாகப் பிரிகின்றன. டீத் தொழிலில் இதற்கு டீ கிரீம் என்றே பெயர் உண்டு. பாலின் கிரீமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டீ எவ்வளவு ஸ்ட்ராங்கோ, எவ்வளவு வேகமாகக் குளிர்கிறதோ, அவ்வளவு கலங்கும். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் இன்னும் மோசம்.

கொதிக்கக் கொதிக்க ஃப்ரிட்ஜில் தள்ளாமல், முதலில் வெளியே ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். கலங்கிவிட்டால் கொஞ்சம் கொதிநீரை ஊற்றிக் கலக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். குளிர்ந்த நீரில் ஊறிய டீ கலங்குவது அபூர்வம். மாம்பழக் கூழ் போடப்போகிறீர்கள் என்றால் இந்தக் கவலையே தேவையில்லை, எப்படியும் அது கலங்கல்தான்.

எந்த டீ எந்தப் பழத்துக்கு?

மாம்பழம், பீச், பெர்ரி வகைகள் எல்லாம் தாட்டியமான மணம் உள்ளவை. அவற்றுக்குக் கருப்பு டீ வேண்டும், பச்சை டீயை அவை அமுக்கிவிடும். ஆரஞ்சு, எலுமிச்சை, பச்சைத் திராட்சை, பச்சை ஆப்பிள், புதினா இவற்றோடு பச்சை டீ ஒத்துப்போகும். பெர்கமாட் மணம் ஏற்றிய ஏர்ல் கிரே இருந்தால் ஆரஞ்சோடு சேர்த்துப் பாருங்கள். பெர்கமாட்டும் ஆரஞ்சுக் குடும்பம்தான், இரண்டும் சொந்தக்காரர்கள் போலச் சேர்ந்துகொள்ளும்.

பச்சை டீயில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினால் கசந்துவிடும். 75 முதல் 80 டிகிரி போதும், இரண்டு மூன்று நிமிடம் போதும். வெப்பமானி இல்லையென்றால் மூன்று பங்கு கொதிநீரோடு ஒரு பங்கு சாதாரணத் தண்ணீரைக் கலந்துவிடுங்கள். ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்துவிடும்.

செம்பருத்தி டீ என்று விற்கப்படுவது ரோசெல் என்ற செடியின் சிவந்த புல்லி இதழ்கள். அதில் டீ இலையே இல்லை, காஃபீனும் இல்லை. புளிப்பு அதிலேயே இருப்பதால் எலுமிச்சை சேர்க்காதீர்கள், இனிப்பான பழமாகச் சேருங்கள். கண்ணைப் பறிக்கும் சிவப்பு இலவசம்.

எந்தப் பழம் நன்றாக வரும்? எது வராது?

மணமும் புளிப்பும் சேர்ந்த பழம் எதுவும் நன்றாக வரும். வெறும் இனிப்பு மட்டும் இருக்கும் பழம் டீயில் காணாமல் போய்விடும். என் வரிசையில் முதலிடம் பீச், அடுத்து மாம்பழம், அப்புறம் பேஷன் ஃப்ரூட். பேஷன் ஃப்ரூட் ஒன்றே ஒன்று போதும், அரை லிட்டர் டீயின் குணத்தையே மாற்றிவிடும்.

மாம்பழத்தில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 14 கிராம் சர்க்கரை உண்டு. திராட்சையில் 15, அன்னாசியில் 10, பீச்சில் 8, தர்பூசணியில் 6, ஸ்ட்ராபெர்ரியில் 5. ஆகவே ஸ்ட்ராபெர்ரிக்குப் போடும் சர்க்கரையை அப்படியே மாம்பழத்துக்கும் போட்டால் திகட்டிவிடும். பழத்தைச் சேர்த்து, சுவைத்துப் பார்த்தபிறகுதான் கடைசிச் சர்க்கரை.

தர்பூசணியில் 92 சதவீதம் தண்ணீர். அதை மசித்து டீயில் ஊற்றுவதும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் கட்டம் கட்டமாக வெட்டி ஃப்ரீசரில் வைத்து, ஐஸுக்குப் பதிலாகப் போட்டால் அருமை. உருக உருகப் பழம்தான் இறங்குகிறது. வாழைப்பழம், பப்பாளி, வெண்ணெய்ப்பழம் மூன்றும் வேண்டாம். மசிந்து கொழகொழப்பதைத் தவிர ஒன்றும் தராது. மாதுளையில் சொந்தத் துவர்ப்பு உண்டு, அதற்கு மென்மையான டீதான் சரி. ஆப்பிளை வெட்டியவுடன் எலுமிச்சைச் சாற்றில் புரட்டாவிட்டால் பழுப்பேறிவிடும்.

ஃப்ரீசரில் உறைந்த பழத்தை மட்டமாக நினைக்காதீர்கள். உறையும்போது பழத்தின் திசுச் சுவர்கள் உடைந்துவிடுவதால், உருகியதும் அது தானாகவே சாறு விடும். பெர்ரி வகைகளுக்கு நான் வேண்டுமென்றே உறைந்ததைத்தான் எடுப்பேன்.

கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சுக் குடும்பத்துப் பழம்) பற்றி மட்டும் ஒரு வார்த்தை: சில கொழுப்பு, ரத்த அழுத்த மாத்திரைகள் உடலில் சிதையும் வேகத்தை அது மாற்றிவிடும். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கொடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

பழத்தைச் சூடான டீயில் போடுவதா, ஆறியபிறகா?

என்ன சுவை வேண்டும் என்பதைப் பொறுத்தது. சூட்டில் போட்டால் பழம் வெந்து ஜாம் போன்ற சுவை வரும், பறிக்கும்போது இருக்கும் அந்தப் புது மணம் ஆவியோடு போய்விடும். ஆறியபிறகு போட்டால் பச்சைப் பழ மணம் நிற்கும், ஆனால் சாறு லேசில் இறங்காது.

நடுவழி ஒன்று உண்டு. வெட்டிய பழத்தின் மேல் டீக்கான சர்க்கரையைத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். சர்க்கரை பழத்திலிருந்து நீரை வெளியே இழுத்து, தானே அதில் கரைந்து, கிண்ணத்தின் அடியில் சிரப் மாதிரி நிற்கும். இந்தச் சாற்றைப் பழத்தோடு சேர்த்து ஆறிய டீயில் கொட்டினால் அடுப்பும் வேண்டாம், மிக்ஸியும் வேண்டாம், மணமும் போகவில்லை. பீச், ஸ்ட்ராபெர்ரி, ஆரஞ்சுச் சுளைக்கு இதை விடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. பெர்ரி ரொம்பப் புளிப்பாக இருந்தால் மட்டும் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் வேகவிட்டு வடிகட்டுங்கள்.

மிக்ஸியில் அடிக்கிறீர்கள் என்றால் ஒரு சுற்று, இரண்டு சுற்று போதும். நுரை கட்டும் வரை அடித்த கூழ் டீயின் மேல் தனி அடுக்காக மிதக்கும். மாம்பழ நாரை வடிகட்டாமல் விட்டால் ஸ்ட்ரா அடைத்துக்கொள்ளும்.

எலுமிச்சை சாறு விட்டதும் டீ வெளிறிப் போகிறதே?

கருப்பு டீயின் நிறப்பொருள்கள் அமிலம் பட்டால் வெளிறும். தரம் குறையவில்லை. நிறம் அடர்த்தியாக வேண்டும் என்று தூளைக் கூட்டிவிடாதீர்கள்.

எலுமிச்சை, ஆரஞ்சு வில்லைகளைத் தோலோடு போட்டு இரவெல்லாம் ஊறவிட்டால் தோலுக்கு அடியில் உள்ள வெள்ளைப் பகுதி கசப்பை விடும். சாற்றை முதலில் கலந்துகொண்டு, வில்லையைக் குடிக்கும் நேரத்தில் மிதக்கவிடுங்கள். மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிப் போட்டால் மணம் கிடைக்கும், கசப்பு வராது.

சர்க்கரை அடியில் அப்படியே தங்கிவிடுகிறது.

குளிர்ந்த டீயில் நேராகப் போட்டிருப்பீர்கள். கரையாது என்றில்லை, கரைய ரொம்ப நேரம் எடுக்கும். ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், கரையும் வரை சூடு செய்து ஆறவைத்தால் பாகு தயார். சுத்தமான பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். அவரவர் டம்ளரில் அவரவருக்கு வேண்டிய அளவு ஊற்றிக்கொள்ளலாம், சண்டை இல்லை. பாகு சூடாக இருக்கும்போதே இஞ்சித் துண்டோ புதினாவோ எலுமிச்சைத் தோலோ போட்டு மூடிவைத்து, ஆறியதும் வடிகட்டினால் அதுவே தனி ருசி.

குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். வெதுவெதுப்பில் சரியாக இருந்தது ஐஸ் போட்டதும் மந்தமாகிவிடும். அதனால்தான் முதலில் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும் என்றேன். தேன் சேர்ப்பவர்கள் டீ வெதுவெதுப்பாக இருக்கும்போதே கலக்க வேண்டும். ஐஸில் பட்டால் தேன் கட்டியாகிக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரையே இல்லாமல் முடியாதா?

முடியும். குளிர்நீரில் ஊறிய டீ, நன்றாகப் பழுத்த பழம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு கசப்பை அமுக்குவதால் பழத்தின் இனிப்பு மேலே வரும். உப்புச் சுவை தெரியும் அளவுக்குப் போட்டுவிடாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் தனிச் சர்க்கரையை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ் வைக்கச் சொல்கிறது. 5 சதவீதத்துக்குக் கீழ், அதாவது ஏறக்குறைய 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. பழச்சாற்றில் உள்ள சர்க்கரையும் தேனும் இந்தக் கணக்கில் வரும். முழுப் பழத்தைக் கடித்துச் சாப்பிட்டால் வராது. மேலே சொன்ன அளவில் போட்ட சர்க்கரை மட்டும் ஒரு டம்ளருக்கு 12.5 கிராம் ஆகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு, கூழுக்குப் பதில் பழத்துண்டுகளாகப் போட்டுக்கொள்வது நல்லது.

பால் சேர்க்கலாமா?

எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்ரி போன்ற புளிப்புப் பழம் சேர்ந்திருந்தால் கூடாது, திரிந்துவிடும். அன்னாசி இன்னும் மோசம்: அதில் உள்ள ப்ரோமெலைன் என்ற நொதி பால் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கிவிடும்.

ஐஸ் கட்டியிலேயே ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக. மிஞ்சிய டீயையே ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், உருகும்போது டீ நீர்த்துப் போகாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனைதான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டிகள் சின்னக் கட்டிகளைவிட மெதுவாக உருகும், ஏனென்றால் எடைக்கு ஒப்பிட்டால் வெளிப்பரப்பு குறைவு. உறைந்த திராட்சையும் ஐஸ் வேலை பார்க்கும். சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் முழுத் திராட்சை போடாதீர்கள், தொண்டையில் அடைக்கும்.

மாதக் கணக்கில் ஃப்ரீசரில் கிடந்த ஐஸில் பக்கத்திலிருந்த சாப்பாட்டு வாசம் ஏறியிருக்கும். ஒரு கட்டியை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணாடி ஜக் விரிசல் விட்டுவிட்டது. ஏன்?

கொதிக்கும் டீயை ஊற்றியிருப்பீர்கள், அல்லது சூடாக இருந்த ஜக்கில் ஐஸைக் கொட்டியிருப்பீர்கள். ஒரு பக்கம் விரிய, மறுபக்கம் விரியாமல் நிற்க, கண்ணாடி பிளந்துவிடுகிறது. நான் இழந்தது இரண்டு ஜக். இரண்டாவது, விருந்தாளிகள் முன்னால். எவர்சில்வர் பாத்திரத்தில் டீயை இறக்கி, ஆறியபின் கண்ணாடிக்கு மாற்றுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

பழம் சேர்க்காத டீ ஃப்ரிட்ஜில் மூன்று நாள். பழம் சேர்ந்தது என்றால் ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு. வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்; வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நுரை கட்டுவது, புளித்த வாசம், நூல் விடுவது, மூன்றில் எது தெரிந்தாலும் சுவைத்துக்கூடப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். டீயையும் பழத்தையும் தனித்தனியாக வைத்து அன்றன்றைக்குக் கலப்பதுதான் என் வழக்கம்.

குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? ராத்திரியில் குடித்தால் தூக்கம் போகுமா?

ஒரு கப், அதாவது 240 மில்லி கருப்பு டீயில் ஏறக்குறைய 45 முதல் 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். சில்லென்று இருப்பதால் அது குறைந்துவிடாது. ஐஸ் டீயில் உள்ள ஆபத்தே, அது டீ என்பது மறந்துபோய் மூன்று டம்ளர் உள்ளே போய்விடுவதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு.

குழந்தைகளுக்கும் இரவில் குடிப்பவர்களுக்கும் ரோசெல், கெமோமில், ரூய்போஸ் போன்ற காஃபீன் இல்லாதவற்றில் செய்யுங்கள். பழத்தோடு சேரும்போது குழந்தைகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தேன் எந்த வடிவத்திலும் கூடாது.

தினமும் குடித்தால் ஏதாவது கெடுதல் உண்டா?

ஒன்றிரண்டு டம்ளருக்குப் பயப்பட ஒன்றுமில்லை. டீ குடித்தால் உடல் வறண்டுவிடும் என்பார்கள்; மிதமாகக் குடித்தால் அப்படி இல்லை, அந்தத் தண்ணீரும் உடலுக்குத் தண்ணீராகவே சேர்கிறது. ஆனால் டீயின் துவர்ப்புப் பொருள்கள் தாவர உணவில் உள்ள இரும்புச் சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும்.

டீயில் ஆக்ஸலேட் என்ற, சிறுநீரகத்தில் படியக்கூடிய பொருளும் உண்டு. 2015-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 56 வயதுக்காரர் ஒருவரின் கதை வந்தது. தினமும் 16 டம்ளர் ஐஸ் டீ குடித்ததில், ஆக்ஸலேட் படிந்து அவருடைய சிறுநீரகமே செயலிழந்தது. பதினாறு யாரும் குடிக்கப்போவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனாலும் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஐஸ் டீ பவுடர் வாங்கினால் வேலை மிச்சம்தானே?

பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். பெரும்பாலும் முதல் சொல் சர்க்கரையாக இருக்கும். டீ எங்கே வருகிறது என்று தேடிப் பாருங்கள்.

ஐஸ் டீயைக் கண்டுபிடித்தவர் யார்?

1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில், ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர் சூடான டீயை வெயிலில் யாரும் சீண்டாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார், அப்படிப் பிறந்தது ஐஸ் டீ என்று ஒரு கதை சுற்றுகிறது. கதை நன்றாக இருக்கிறது. ஆனால் 1870-களின் அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே செய்முறை அச்சாகிவிட்டது. கண்காட்சி அதைப் பிரபலமாக்கியது, அவ்வளவுதான்.

சோடா சேர்த்துச் செய்வது எப்படி?

தண்ணீருக்கும் ஐஸ் உருகுவதற்கும் இடம் விட்டுத்தானே ஸ்ட்ராங்காகப் போட்டோம், அந்த இடத்தில் சோடா வரட்டும். எல்லாம் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். டம்ளரில் கடைசியாக ஊற்றி ஒரே ஒரு முறை கிளறுங்கள்.

இருபது பேருக்குச் செய்ய வேண்டும். அளவை அப்படியே பெருக்கலாமா?

தலைக்கு 250 மில்லி என்றால் 5 லிட்டர். இரண்டரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இலை. அதே நான்கு நிமிடம்தான். பாத்திரம் பெரியது என்று ஊறும் நேரத்தைக் கூட்டாதீர்கள். பெரிய பாத்திரம் ஆறுவதற்கு மட்டும் நேரம் பிடிக்கும், அதனால் வடிகட்டியதும் இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றிவிடுங்கள். கூழ் ஒரு லிட்டர், குளிர்ந்த தண்ணீர் அரை லிட்டர். சர்க்கரையைப் பாகாகத் தனியே வைத்துவிடுங்கள். எலுமிச்சைச் சாற்றை மட்டும் கணக்குப்படி ஐந்து பழம் என்று கண்ணை மூடிக்கொண்டு பிழியாதீர்கள். மூன்று பிழிந்து சுவைத்துவிட்டு மேற்கொண்டு போங்கள். ஐஸ் குறைந்தது நான்கு கிலோ வேண்டும், அதில் ஒன்று டம்ளருக்குள் போவதற்கு முன்பே உருகிப்போகும்.

மிச்சம் இருந்தால்?

குச்சி ஐஸ் அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஊற்றும் முன் இன்னும் கொஞ்சம் பாகு சேருங்கள். இல்லாவிட்டால் கல் மாதிரி உறைந்து, குச்சி மட்டும் தனியாகக் கையோடு வரும்.